தையல் போட்ட தாயிடம் யாரும் கேட்காத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிசேரியன் கூடிக்கொண்டு போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். சுகப்பிரசவத்துக்குப் பெண்கள் பயப்படத் தேவையில்லை, அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றவர்களும் திடமாய்த்தான் இருந்தார்கள் என்று அதில் இருந்தது. சுகப்பிரசவம் நல்லது. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் திடமாய் இருந்தார்கள் என்பது சரியில்லை. பிள்ளைப்பேற்றில் கிழிந்து சலமும் மலமும் அடங்காமல் போனதைப் பற்றிப் பலர் வாய் திறக்கவில்லை. என் தொழிலால் எனக்கு அது தெரியும்.

நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீட்டோடு தையல் செய்கிறவள். அளவு எடுக்க அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் பெண்கள் வேறிடத்தில் கதைக்காததைக் கதைப்பார்கள். கதைக்காவிட்டாலும் தைக்கக் கேட்பதிலிருந்து விளங்கிவிடும். கலியாணத்துக்கு முன் வெளிர்மஞ்சளும் இளநீலமும் தைப்பித்தவள் பிள்ளை பிறந்த பிறகு கறுப்பும் மண்ணிறமும் மட்டுமே கொண்டுவருவாள். உள்பாவாடையின் பின்பக்கத்துக்கு இன்னொரு மடிப்புத் துணி வைக்கச் சொல்வாள். பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "அக்கா, இதைத் துண்டு துண்டாய் வெட்டி நாலு மடிப்பாய்த் தைச்சுத் தாங்கோ, பிள்ளைக்கு" என்பாள். அந்தப் பிள்ளை பம்பர்ஸ் போட்டுக்கொண்டு அவளின் இடுப்பிலேயே இருக்கும். நான் ஒன்றும் கேட்காமல் தைத்துக் கொடுப்பேன்.

எழுபது தாண்டிய ஆச்சி ஒருவர் ஒருநாள் வந்தார். இடுப்பில் நாடா கட்டி, கால்களுக்கு இடையால் இறுக்கி முடியக்கூடியதாகத் தடித்த துணியில் ஒன்று தைத்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அடி இறங்கிப் போச்சு. நடந்தா வெளியில வருகுது. இறுக்கிக் கட்டினா அங்கால இங்கால போய் வருவன்" என்றார். எப்போதிருந்து என்றால், கடைசி மகள் பிறந்ததிலிருந்து. அந்த மகளுக்குக் கலியாணம் முடிந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவ்வளவு காலமும் அந்த மனுசி கிணற்றில் தண்ணீர் அள்ளி, தோட்டத்தில் வெங்காயம் நட்டு, சந்தைக்குச் சுமந்திருக்கிறார். கர்ப்பப்பை இறங்கினால் கிளினிக்கில் ஒரு வளையம் வைத்துத் தாங்க வைக்கலாம், தேவையென்றால் சத்திரசிகிச்சையும் செய்யலாம், இரண்டுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. பிறகு மருமகளோடு போய் வளையம் வைத்துக்கொண்டு வந்தார்.

அவருக்கு அதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது நான் பட்டதால். அதையும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வாசிக்கும் பெண்களில் சிலர் இதே பாட்டைப் பட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் மகன் 2011 இல் குடாநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தான். நிறை 3 கிலோ 900 கிராம். முக்கி முக்கிக் களைத்துப்போன பிறகு, கத்தரிக்கோலால் வெட்டி வழியைப் பெரிதாக்கி, தலையைப் பிடித்து இழுக்கும் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். வெட்டிய இடத்துக்கு அப்பாலும் கிழிந்துவிட்டது. இழை போட்டார்கள். "தானாக் கரையும், வெட்ட வரத் தேவையில்லை" என்று ஒரு நேர்ஸ் சொன்னார். வீட்டுக்கு வரும்போது தந்த அட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. யாரும் அதை வாசித்துச் சொல்லவில்லை. அந்த இரவில் அங்கே எத்தனை தாய்மார் கட்டிலுக்குக் காத்திருந்தார்கள் என்பதைப் பார்த்தவள் நான். அதனால் ஆட்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

தையல் காய்ந்தது. நோவும் குறைந்தது. ஆனால் வாயுவை அடக்க முடியவில்லை. மலம் வருகிறது என்று தெரிந்தால் அந்த நிமிடமே ஓட வேண்டும், சிலவேளை ஓடியும் பலனில்லை. கழுவிவிட்டு வந்த பிறகும் உடுப்பில் கறை இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளைப் பெத்த உடம்பு, நாள் போக மாறும்" என்றா. அவவுக்கும் அவவின் அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பா.

நாள் போனது. மாறவில்லை. தையல் அறையில் பகல் முழுக்கச் சாம்பிராணி புகைத்தேன். ஆட்கள் முன்னால் இருக்கும்போது வாயு வருவதுபோல் இருந்தால் சும்மாவேனும் மெஷினை மிதித்து ஓடவிடுவேன், சத்தம் கேட்காமல் இருக்க. கலியாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டேன். குமராய் இருந்தபோது நல்லூர்க் கந்தசாமி கோயில் வீதியில் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்தவள், பிள்ளை பிறந்த பிறகு 25 நாள் திருவிழாவில் ஒரு நாள்கூடப் போய் நின்று கும்பிடவில்லை. அந்தச் சனத்துக்குள் அவசரம் வந்தால் எங்கே ஓடுவது? கொழும்புக்குப் போகும் இரவு பஸ் எனக்கு இல்லையென்றே ஆகிவிட்டது. "ஒண்டோட நிப்பாட்டிப் போட்டியோ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு எனக்கு ஆசை இருந்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. என் மனுசனுக்கும் நான் சொல்லவில்லை. அவர் கிட்ட வந்தால் நோகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதற்கு அவர் என்ன நினைத்தாரோ.

35 வயதில் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர், வீடு வீடாய் வரும் மருத்துவிச்சி, என்னைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச் சொன்னா. 1996 இலிருந்து இலங்கை முழுவதும் நடக்கும் கிளினிக் அது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். அங்கே இருந்த டொக்டர் பிள்ளை, தன் வேலையைச் செய்துகொண்டே, "அம்மா, சலமோ மலமோ உங்களுக்குத் தெரியாமல் போறதோ?" என்று கேட்டா. பிள்ளை பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டவுடன் அழுதுவிட்டேன், பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினா. அவர் விரலால் பார்த்துவிட்டுக் கொழும்பில் ஒரு ஸ்கான் எடுப்பித்தார். பிறகு ஒரு கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடையில் உள்ள சதைதான் பிள்ளையின் தலை வரும்போது விரிகிறது. தோல் மட்டும் கிழிந்தால் முதலாம் வகை. உள்ளே உள்ள தசையும் கிழிந்தால் இரண்டாம் வகை. கத்தரிக்கோலால் வெட்டுகிற வெட்டும் ஏறக்குறைய அந்த ஆழம்தான். ஆசனவாயைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக, மலத்தையும் வாயுவையும் அடக்குகிற இரண்டு வளையத் தசை இருக்கிறது. கிழிவு அதற்குள் போனால் மூன்றாம் வகை. அதையும் தாண்டி மலக்குடலின் உள்தோல்வரை போனால் நான்காம் வகை. எனக்கு நடந்தது மூன்றாம் வகை. பாவாடை நாடா அறுந்தால் இரண்டு நுனியும் மடிப்புக்குள் இழுபட்டுப் போய்விடும், வெளியே எவ்வளவு வடிவாய்த் தைத்தாலும் பாவாடை இடுப்பில் நிற்காது. என் உடம்பில் அதுதான் நடந்திருந்தது. தோலும் மேல்தசையும் ஒட்டிவிட்டன, வளையத்தின் நுனிகள் உள்ளே விலகியபடி கிடந்தன.

மேலால் பார்த்தால் மூன்றாம் வகைக் கிழிவும் இரண்டாம் வகை போலத் தெரியலாம். தைக்க முன் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு நிமிடமும் ஒரு கையுறையும் போதும்.

என் தங்கை லண்டனில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் அவளுக்கும் முதற்பிள்ளையில் இதே மூன்றாம் வகைக் கிழிவு. கிழிந்தது தெரிந்தவுடன் தியேட்டருக்குக் கொண்டுபோய், முதுகில் ஊசி போட்டு, அனுபவமுள்ள டொக்டர் ஒருவர் தசையைத் தேடிப் பிடித்துத் தைத்திருக்கிறார். அன்ரிபயோட்டிக்கும், மலம் இளகுவதற்குப் பாணியும் கொடுத்திருக்கிறார்கள். தசைப் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பி, இரண்டு மூன்று மாதத்துக்குள் திரும்பவும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் இப்போது சுகம். அவளுக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை எனக்கு அனுப்பினாள். அங்கே முதற்பிள்ளையைச் சுகப்பிரசவத்தில் பெறும் 100 பேரில் 6 பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் வகைக் கிழிவு வருகிறதாம், முன்பும் அப்படிப் பெற்றவர்களில் 100க்கு 2 பேருக்கு. சரியாகத் தைத்தால் 100க்கு 60 முதல் 80 பேர் ஒரு வருடத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறார்கள் என்று அந்த நாட்டு மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரி சொல்கிறது. முதற்பிள்ளை, 4 கிலோவுக்கு மேல் நிறை, நெடுநேரம் முக்குவது, ஆயுதம் போடுவது ஆகியவை இதற்கான ஆபத்தைக் கூட்டுமென்றும், அங்கே பிள்ளை பெறும் ஆசியப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறதென்றும் அதே கல்லூரி சொல்கிறது. அதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. அவளுக்குச் செய்த வைத்தியத்தில் நம் நாட்டு டொக்டர்மாருக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. மருந்துகளும் இங்கே கிடைக்கிறவைதான். அவளுக்கு அன்றே கண்டுபிடித்தார்கள், எனக்கு எட்டு வருடம் கழித்து.

தடுக்கவும் வழி இருக்கிறது. முக்கும் நேரத்தில் இளஞ்சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடிப்பதும், கையால் தாங்கிப் பிள்ளையின் தலையை மெதுவாக வரவிடுவதும் உதவும் என்று உலக சுகாதார அமைப்பு 2018 இல் சொல்லியிருக்கிறது. எல்லாத் தாய்க்கும் வழமைக்கு வெட்டு வைக்கக்கூடாது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது. முதற்பிள்ளைக்காரிகள் 35ஆம் கிழமையிலிருந்து சுத்தமான விரலால் அந்த இடத்தை எண்ணெய் தடவி நீவி வந்தால் வெட்டும் தையலும் தேவைப்படுவது குறையலாம். கர்ப்பிணி கிளினிக்கில் இரும்புச்சத்தும் திரிபோஷா சத்துமாவும் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைப்பெற்ற வீட்டில் அம்மாமார் அரைத்துத் தரும் காயச்சரக்கையும், உள்ளியும் மிளகும் போட்ட பத்தியக்கறியையும் நான் மதிக்கிறேன். என் அம்மா நித்திரை முழித்து அரைத்துத் தந்ததைச் சாப்பிட்டுத்தான் எழும்பினேன். ஆனால், "தண்ணி கனக்கக் குடிச்சா வயிறு வைக்கும்" என்று தாகத்தோடு வைத்திருப்பதும், பழத்தைக் குளிர் என்று தள்ளுவதும் தையல் போட்டவளுக்குப் பெரிய கேடு. மலம் இறுகும், முக்க வேண்டி வரும், முக்கினால் உள்ளே போட்ட இழை தாங்காது. தண்ணீர் கொடுங்கள். பப்பாசிப்பழமும் கீரையும் கொடுங்கள். டொக்டர் மலம் இளகப் பாணி தந்தால், பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிற்றாலே போகும் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்குக் காலம் கடந்து தெரிந்ததால் திரும்ப வெட்டித் தைப்பது அன்றைக்கே தைத்ததற்கு ஈடாகாது என்றும், முதலில் பயிற்சியைச் செய்து பார்ப்போம் என்றும் சொன்னார்கள். பிசியோதெரபிப் பிள்ளை சொல்லித் தந்தது இவ்வளவுதான். சனத்துக்குள் வாயு வந்தால் எப்படி இறுக்கி உள்ளிழுப்போமோ அப்படி ஆசனவாயையும் முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. எவ்வளவு நேரம் பிடித்தோமோ அவ்வளவு நேரம் தளர விட வேண்டும். ஒரு தரத்துக்கு எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று தரம், குறைந்தது மூன்று மாதம். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகக்கூடாது. அமெரிக்க டொக்டர் ஆர்னோல்ட் கெகல் 1948 இல் எழுதிய பயிற்சியின் வழியில் வந்தது இது. நான் தையல் மெஷினில் இருந்துகொண்டே செய்கிறேன். முழுதாய் மாறவில்லை. ஆனால் மலத்தை அடக்கி மலசலகூடம்வரை போய்ச் சேர முடிகிறது. நல்லூரில் தேர் பார்க்கவும் போனேன்.

இனி நான் கேட்க வந்தது. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் சண்டைக் காலத்திலும் சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாய் வந்தவர்கள், இன்று ஸ்கூட்டியில் வருகிறார்கள். பிள்ளை பிறந்து பத்து நாள் போக முன்னமே வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பிறகும் வருவார்கள். பிள்ளையை நிறுப்பார்கள், தொப்புள் பார்ப்பார்கள், பால் குடிக்கிறதோ என்று பார்ப்பார்கள். தாயிடம், "தையல் காய்ஞ்சிட்டுதோ?" என்பார்கள். பக்கத்தில் மாமியார் நிற்பா. தாய் "ஓம்" என்பாள். காய்ந்த தையலுக்குக் கீழே தசை ஒட்டியதோ என்று அந்தக் கேள்வியால் தெரியவராது. பிரசவத்துக்குப் பிறகு தாயைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் சலம் அடங்குகிறதோ, மலம் எப்படிப் போகிறது, கீழ்த் தையல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2022 வழிகாட்டல் சொல்கிறது. அதை மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, விளங்கக்கூடிய தமிழில் கேளுங்கள்:

வாயு வந்தால் அடக்க முடிகிறதா? மலம் வந்தால் மலசலகூடம் போய்ச் சேரும்வரை பொறுக்க முடிகிறதா? இருமினாலோ தும்மினாலோ சலம் போகிறதா? கீழே பாரமாக, ஏதோ இறங்கி வருவதாக இருக்கிறதா?

இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் குறை என்று தெரிந்தாலே அவளை டொக்டரிடம் அனுப்புங்கள். சுகாதார வைத்திய அதிகாரிகள் இதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அட்டை எழுதிக் கொடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிழிவு எந்த வகை என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த பிள்ளையை எப்படிப் பெறுவது என்று டொக்டரோடு கதைத்து முடிவெடுக்க அவளுக்கு அது வேண்டும். மூன்றாம், நான்காம் வகைக் கிழிவு வந்தவளைச் சில மாதத்துக்குள் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கணவர்மாரே, தையல் போட்டவள் நோகிறது என்றால் உங்களை வெறுத்துச் சொல்லவில்லை. அவளோடு கிளினிக்குக்குப் போங்கள். வெளியே வாங்கில் இருந்தாலே போதும்.

ஆசிரியர் ஐயா, என் மகன் பாடசாலைக்குப் போகிறான், ஆதலால் பெயரைப் போட வேண்டாம். இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால் என் கதையை வெட்டுங்கள், லண்டன் கதையையும் வெட்டுங்கள். அந்த நான்கு கேள்விகளை மட்டும் எழுதியபடியே போடுங்கள்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு தாய்,
சுன்னாகம்.